மின்கம்பியை அறுத்துவிட்டு வாழ முடியுமா?

சூரியனையும் காற்றையும் மட்டுமே நம்பி ஒரு வீட்டை இயக்கும்போது எழும் இடர்கள், செலவுகள், விளைவுகள்

ஐப்பசியின் பிற்பகுதியில் வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையை நெருங்கும்போது, பழவேற்காடு முதல் கோடியக்கரை வரையிலான வானம் நான்கைந்து நாட்களுக்குச் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும். பகல் பதினொரு மணிக்கும் வீட்டுக்குள் விளக்கு தேவைப்படும். மொட்டை மாடிகளில் சாய்த்து நிறுத்தப்பட்ட கருநீலத் தகடுகளின் மீது மழைநீர் வழிந்துகொண்டே இருக்கும். தெளிந்த வானத்தின் கீழ் நாளொன்றுக்கு 12 யூனிட் தந்த அதே தகடுகள், அடர்ந்த மேகமூட்டத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மட்டுமே தருகின்றன. மின்வாரியக் கம்பியோடு இணைந்திருக்கும் வீடு இந்த நாட்களைக் கவனிக்காமலேயே கடந்துவிடும். அந்த இணைப்பைத் துறந்துவிட்ட வீடோ, முதல் நாள் மாலையிலேயே குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துவதா, தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

சூரிய மின்சாரம் நல்லதா என்பது இன்று விவாதத்துக்குரிய கேள்வி அன்று. நிலக்கரிப் புகையையும் எரிபொருள் செலவையும் குறைக்கும் வழியாக அது தன்னை நிறுவிக்கொண்டுவிட்டது. ஒரு வீட்டின் மின்தேவை முழுவதையும், ஆண்டின் எல்லா நாட்களிலும், எல்லா மணி நேரங்களிலும் அந்த வீட்டின் கூரையிலிருந்தே பெற முனைவது அறிவுடைமையா என்பதே இப்போதைய கேள்வி. தேவையின் பெரும்பகுதியைச் சூரியன் மலிவாகத் தந்துவிடுகிறது என்பதும், எஞ்சிய சிறு பகுதியையும் அதனிடமே பெற முயலும்போது செலவும் உழைப்பும் இடரும் பன்மடங்காகப் பெருகுகின்றன என்பதும் இந்தக் கட்டுரை முன்வைக்கும் கருத்து.

கூரைக்கு வந்த கதை

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் ஐந்து விளக்குகளைச் சூரிய ஒளியால் எரியச் செய்தது. 2012-இல் வெளியான மாநிலத்தின் சூரிய மின்கொள்கை 3,000 மெகாவாட்டையும், 2019-இல் வந்த கொள்கை 9,000 மெகாவாட்டையும் இலக்காக வைத்தன. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் கூரைத் தகடுகளை நடுத்தர வர்க்கத்தின் அன்றாடப் பேச்சாக்கியது. மானியமும் வங்கிக் கடனும் எளிதானதோடு, மின்கட்டண உயர்வும் சேர்ந்துகொள்ள, இனி மின்வாரியமே வேண்டாம் என்ற எண்ணம் பல வீடுகளில் தலைகாட்டத் தொடங்கியுள்ளது.

இந்த அமைப்புகள் மூன்று வகைப்படும். மின்வாரியக் கம்பியோடு இணைந்து, பகலில் மிஞ்சும் மின்சாரத்தை அதற்குக் கொடுத்து, இரவில் வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்வது முதல் வகையாகும். கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் கணக்கிடும் முறைக்கு நெட் மீட்டரிங், அதாவது நிகர அளவீடு, என்று பெயர். கம்பியோடு எந்தத் தொடர்பும் இன்றி, பகலில் விளைந்ததை பேட்டரியில் சேமித்து இரவில் செலவிடுவது இரண்டாம் வகை. இணைப்பையும் பேட்டரியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் கலப்பு வகை மூன்றாவது. இந்த மூன்றில் இரண்டாம் வகை மட்டுமே உண்மையில் முழுத் தற்சார்பு ஆகும். விளம்பரங்கள் பேசும் குறைந்த விலையும் விரைவான லாபமும் பெரும்பாலும் முதல் வகைக்கு உரியவை.

பெட்டிச் செய்தி 1: திட்டம் சொல்லும் எண்கள்

• பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் ஒதுக்கீடு ரூ.75,021 கோடி, இலக்கு 1 கோடி வீடுகள்.
• முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000. 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் உச்ச வரம்பு ரூ.78,000.
• ஒரு கிலோவாட் அமைக்க நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும்.
• ஒரு கிலோவாட் தகடு தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தருகிறது.
• 2016 முதல் தமிழ்நாட்டின் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம்.

சராசரியில் மறைந்திருக்கும் கார்காலம்

மேலே உள்ள நான்கு யூனிட் என்ற எண் ஓர் ஆண்டுச் சராசரி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாசி, பங்குனி மாதங்களின் தெளிந்த வானம் அந்தச் சராசரியை உயர்த்துகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை அதைக் கீழே இழுக்கிறது. மின்வாரியத்தோடு இணைந்த வீட்டுக்குச் சராசரி போதும், ஏனெனில் மார்ச் மாதத்தின் மிச்சம் கணக்கில் வரவாகி, பின்னாளின் பற்றாக்குறையில் ஒரு பகுதியையாவது ஈடுசெய்யும். கம்பி இல்லாத வீட்டுக்கோ சராசரியால் பயனில்லை. ஆண்டின் மிக மோசமான வாரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது மட்டுமே அந்த வீட்டின் உண்மையான கொள்ளளவாகும்.

சூரியன் மறையும் காலத்தில் காற்று கைகொடுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு. ஐரோப்பாவின் வடபகுதிகளுக்கு இது ஓரளவு பொருந்தும், அங்கே குளிர்காலத்தில் வெயில் குறையும்போது காற்று வலுப்பெறுகிறது. தமிழ்நாட்டின் பருவங்கள் வேறு விதமானவை. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து, முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று தென்மேற்குப் பருவத்துக்கு உரியது. மே மாதத்தில் தொடங்கி செப்டம்பர் வரை உச்சத்தில் இருந்துவிட்டு, அக்டோபரில் அது ஓய்ந்துவிடுகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது, வெயிலும் குறைந்து சீரான காற்றும் நின்றுவிடுகிறது. புயல் நாட்களில் வீசும் காற்று பயன்தராது. அந்த வேகத்தில் சுழலி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட வேண்டும், அல்லது உடைந்துபோகும். ஆகவே இரண்டையும் இணைத்தாலும் கார்த்திகை மாதத்துப் பள்ளம் நிரம்புவதில்லை.

பேட்டரி என்னும் தீராத செலவு

அந்தப் பள்ளத்தைக் கடக்க எஞ்சியிருக்கும் ஒரே வழி சேமிப்பு. இங்கேதான் முழுத் தற்சார்பின் கணக்கு முறிந்துபோகிறது. நாளொன்றுக்கு 8 யூனிட், அதாவது இரு மாதங்களுக்கு 480 யூனிட் செலவிடும் ஒரு நடுத்தரக் குடும்பம், வெயிலே இல்லாத மூன்று நாட்களைத் தாங்க வேண்டுமானால் 24 யூனிட் மின்சாரம் கையிருப்பில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரோடு வீடுகளில் வழக்கமாக வைக்கப்படும் ஈய-அமில பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் வேகமாகக் குறைந்துவிடும் என்பதால், 24 யூனிட் எடுப்பதற்கு 48 யூனிட் கொள்ளளவு தேவை.

பெட்டிச் செய்தி 2: மூன்று மேகநாட்களின் விலை

• 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 1.8 யூனிட், பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 0.9 யூனிட்.
• 24 யூனிட் கையிருப்புக்குத் தேவை: 27 பேட்டரிகள்.
• ஒன்றின் விலை ரூ.15,000 என்று கொண்டால் மொத்தம் ரூ.4,05,000.
• ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ.81,000.
• அந்தக் குடும்பம் செலவிடும் 480 யூனிட்டுக்கு மின்வாரியத்திடம் செலுத்தும் கட்டணம் இரு மாதங்களுக்கு ரூ.2,000-க்குள், ஆண்டுக்கு ரூ.12,000-க்குள்.

தகடுகளின் விலை, இன்வெர்ட்டரின் விலை, தாங்கு சட்டங்களின் விலை எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேமிப்பின் செலவு மட்டுமே மின்கட்டணத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேல் வருகிறது. ஐந்து ஆண்டு ஆயுள் என்பதும் தாராளமான மதிப்பீடு. ஈய-அமில பேட்டரியைச் சுற்றியுள்ள வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் பொதுவிதி. மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமில்லாத இடத்தில் வைக்கப்படும் பேட்டரிகள் கோடையில் எந்த வெப்பத்தைத் தாங்குகின்றன என்பதை வேலூரிலும் மதுரையிலும் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை வாலைவடி நீர் ஊற்ற வேண்டும். மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். வரிசையில் ஒரு பேட்டரி பழுதானால் மற்றவையும் அதனோடு சேர்ந்து தளர்கின்றன.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்க்கின்றன. கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை வடியவிடலாம், பத்தாண்டு வரை உழைக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அவற்றின் விலை ஆண்டுதோறும் இறங்கிவருவது நல்ல செய்தி. ஆயினும் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே முழுமையாகப் பயன்படப்போகும் பெரும் சேமிப்பை வாங்கி வைப்பது, எந்த வேதியியலைத் தேர்ந்தாலும், முடங்கிய முதலீடாகவே இருக்கும். ஓர் இரவைக் கடக்க வாங்கும் பேட்டரி நாள்தோறும் உழைத்துத் தன் விலையைத் திருப்பித் தருகிறது. நான்காவது மேகநாளுக்காக வாங்கும் பேட்டரி ஆண்டு முழுவதும் சும்மா இருந்தபடியே முதுமை அடைகிறது.

இணைப்பு இருந்தும் இருள்

மின்வாரியத்தோடு இணைந்த முதல் வகையிலும் பலர் எதிர்பாராத ஒரு குறை உண்டு. தெருவில் மின்தடை ஏற்படும் அந்த நொடியே, பட்டப்பகலில் தகடுகள் முழு வீச்சில் உற்பத்தி செய்துகொண்டிருந்தாலும், இணைப்பு வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பம் ஏறும் பணியாளரின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட கட்டாயமான பாதுகாப்பு ஏற்பாடு அது. அதைத் தளர்த்த முடியாது, தளர்த்தவும் கூடாது. ஆனால் மின்வெட்டிலிருந்து விடுபடவே தகடு அமைத்தோம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதை முதல் மின்தடையின்போதுதான் அறிகின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது; டெல்டாவின் உட்கிராமங்கள் பல வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய பேரிடரில் பேட்டரி இல்லாத இணைப்பு வகை அமைப்பால் ஒரு விளக்கைக்கூட எரிக்க முடியாது. பேட்டரியோடு தனித்து நிற்கும் அமைப்போ அந்த நாட்களில் மதிப்பிட முடியாத துணையாகும். ஆனால் அந்தத் துணை கிடைக்க வேண்டுமானால் கூரையில் உள்ள தகடுகள் புயலில் பிழைத்திருக்க வேண்டும். சாய்த்து நிறுத்திய தகட்டின் அடியில் புகும் காற்று அதை மேல்நோக்கித் தூக்கும். சட்டங்கள் தளத்தோடு சரியாகப் பிணைக்கப்படாத இடங்களில் அது பெயர்ந்து பக்கத்து வீட்டின் மீதும் விழலாம். கடலோர ஊர்களின் உப்புக்காற்று, புயல் வராத ஆண்டுகளிலும், சட்டங்களையும் இணைப்புகளையும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்?

3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும் என்பது தனி வீட்டுக்கு எளிதாகத் தோன்றலாம். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, துணி காயும் கொடி, வற்றலும் வடகமும் உலரும் மூலை, பிற்காலத்தில் எழுப்ப நினைக்கும் இன்னொரு மாடி ஆகிய அனைத்தும் அந்த இடத்துக்கே போட்டியிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பத்து, இருபது குடும்பங்களுக்குப் பொதுவான ஒரே கூரையில் ஒரு குடும்பத்தின் பங்கு முழுத் தேவைக்கு ஒருபோதும் எட்டாது. வாடகைக்குக் குடியிருப்போர் இந்த விவாதத்துக்கு முற்றிலும் வெளியே நிற்கிறார்கள். கூரை அவர்களுடையது அல்ல என்பதால் மானியமும் அவர்களை அடைவதில்லை.

நிழலின் தீங்கு அதன் பரப்பைவிடப் பெரிது. ஒரு தகட்டுக்குள் இருக்கும் சூரிய மின்கலங்கள் வரிசையாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், அவற்றில் ஒன்றின் மீது தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டமும் தடைபடும். அதைத் தவிர்க்க அமைக்கப்படும் மாற்றுவழி டயோடுகள் சேதத்தைக் குறைக்கின்றனவே தவிர இழப்பை முழுமையாக நீக்குவதில்லை. பக்கத்து மனையில் எழும் புதிய கட்டடம் ஒரு வீட்டின் மின் உற்பத்தியை நிரந்தரமாகக் குறைத்துவிட முடியும், அதைத் தடுக்கும் வழியும் வீட்டு உரிமையாளர் கையில் இல்லை.

வெப்பமும் ஒரு வரம்பாகும். தகட்டின் திறன் 25 டிகிரியில் அளக்கப்படுகிறது. சித்திரை வெயிலில் தகட்டின் வெப்பநிலை 65 டிகிரியைத் தொடும்போது, டிகிரிக்கு 0.35 விழுக்காடு என்ற அளவில் உற்பத்தி ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. குளிர்சாதனங்கள் அதிகம் ஓடும் நாட்களும் அவையே. அந்தச் சாதனங்கள் பகலைவிட இரவில்தான் மிகுதியாக ஓடுகின்றன. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஓர் இரவில் எட்டு மணி நேரம் இயங்கினால் அதற்கு மட்டும் 6 முதல் 8 யூனிட் ஆகலாம் என்பதால், முன்னர்க் கணக்கிட்ட குடும்பத்தின் ஒரு நாள் தேவை அந்த ஒரே கருவியால் இரட்டிப்பாகிவிடும்.

வீட்டுக் காற்றாலையின் கானல்

தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இல் செய்முறை விளக்கக் காற்றாலைகள் சுழலத் தொடங்கியது முதல், தமிழ்நாடு நாட்டின் காற்றாலை மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கிறது; நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. இந்தப் பெருமையைக் கண்டு வீட்டு மாடியிலும் ஒரு சிறு காற்றாலை வைத்தால் என்ன என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சிறு காற்றாலை பெரிய காற்றாலையின் சிறிய வடிவம் அன்று. அதன் இயற்பியல் வீட்டுக்காரருக்கு எதிராகவே செயல்படுகிறது.

பெட்டிச் செய்தி 3: காற்றின் கணக்கு

• காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்: வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகும்.
• எந்தச் சுழலியும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு; சிறு சுழலிகள் இதைவிட வெகுவாகக் குறைவாகவே எடுக்கின்றன.
• 3 மீட்டர் விட்டமுள்ள சுழலி, நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில், 30 விழுக்காடு திறனோடு தரக்கூடியது ஏறத்தாழ 80 வாட்.
• அந்தக் காற்று இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாமல் வீசினாலும் ஒரு நாள் உற்பத்தி 2 யூனிட்டைத் தாண்டாது.

வீடுகளும் மரங்களும் நெருங்கிய ஊருக்குள் காற்று வேகம் இழப்பதோடு திசை குலைந்து சுழலவும் செய்கிறது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எல்லாவற்றையும்விடக் குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் சுழலி நிற்க வேண்டும் என்பது நடைமுறை விதி. இரண்டு மாடி வீடுகள் உள்ள தெருவில் இது தனியாக ஒரு கோபுரம் எழுப்புவதற்குச் சமம். கூரையிலேயே பொருத்தினால் அதன் அதிர்வு சுவர்கள் வழியே படுக்கை அறை வரை இறங்கும். தகட்டில் அசையும் பாகம் எதுவும் இல்லை. சுழலியிலோ தாங்குருளைகளும் இறகுகளும் தேய்கின்றன, உயரத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளர் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. கணவாய் முகத்திலோ திறந்த கடற்கரையிலோ தனித்து நிற்கும் வீட்டைத் தவிர மற்ற எங்கும் வீட்டுக் காற்றாலை செலவுக்கு ஏற்ற பயனைத் தராது.

வாழ்க்கை முறையைக் கேட்கும் மின்சாரம்

யூனிட் கணக்கு சரியாக இருந்தாலும் இன்னொரு தடை எஞ்சுகிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர், மிக்சி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் உள்ள மின்னோடிகள் இயங்கத் தொடங்கும் நொடியில் வழக்கமான அளவைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. மின்வாரியக் கம்பி அதைப் பொருட்படுத்தாது. தனித்த இன்வெர்ட்டரோ அந்த உச்சத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையேல் நின்றுவிடும். மோட்டார் ஓடும்போது கிரைண்டர் போடக் கூடாது, மாலைக்குப் பின் துணி துவைக்கும் இயந்திரம் கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பு நண்பகலில் மட்டுமே என்று வீட்டின் அன்றாடம் சூரியனின் நேரத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதப்படுகிறது. இந்த ஒழுங்கின் பாரம் பெரும்பாலான குடும்பங்களில் சமையலையும் துவையலையும் சுமக்கும் பெண்கள் மீதே விழுகிறது என்பது தொழில்நுட்ப விவாதங்களில் இடம்பெறாத உண்மை.

பீகாரின் ஜெகனாபாத் மாவட்டத்தில் உள்ள தர்னாய் கிராமம் இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. பல ஆண்டுகளாக மின்சாரமே இல்லாதிருந்த அந்த ஊரில் 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சூரிய நுண்மின்கட்டமைப்பை நிறுவியது. விளக்கும் மின்விசிறியும் வந்தன. அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு அனுமதி இல்லை. திறப்பு விழாவுக்கு வந்த, அப்போது மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சராக இருந்த நிதீஷ் குமாரிடம் ஊர்மக்கள் தங்களுக்கு உண்மையான மின்சாரம் வேண்டும் என்று முழக்கமிட்டார்கள். பின்னர் அரசின் மின்கம்பி ஊருக்குள் வந்தது, பேட்டரிகள் சில ஆண்டுகளில் செயலிழந்தன, அமைப்பு கைவிடப்பட்டது. சூரியன் அங்கே தவறவில்லை. மாற்றுப் பேட்டரிக்குப் பணமும் பராமரிப்புக்கு ஆளும் இல்லாமல் போனதும், மக்களின் தேவை வளர்ந்ததும் அந்தக் கட்டமைப்பை வீழ்த்தின.

தீவுகள் சொல்லும் பாடம்

தனி வீட்டால் முடியாதது ஒரு தீவுக்கு முடியுமா என்ற சோதனையும் உலகில் நடந்துள்ளது. ஸ்பெயினின் எல் இயர்ரோ தீவில் 2014-இல் 11.5 மெகாவாட் காற்றாலையும், மிகுமின்சாரத்தால் நீரை மலைமேல் ஏற்றிப் பின்னர் இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமும் தொடங்கப்பட்டன. 2019-இல் 24 நாட்களுக்கு மேல் தொடர்ந்து புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் மட்டுமே அத்தீவு இயங்கி உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும் ஆண்டு முழுவதையும் அவ்வாறு கடக்க முடியாமல், டீசல் நிலையத்தை இன்றும் துணையாக வைத்திருக்கிறது. யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்காக இந்திய நிதியுதவியில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்பு மின்திட்டத்திலும் 1,700 கிலோவாட் சூரிய ஆற்றல், 530 கிலோவாட் காற்றாற்றல், 2,400 கிலோவாட்-மணி பேட்டரி ஆகியவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் மின்னாக்கி தயார்நிலையில் வைக்கப்படுகிறது. வல்லுநர்கள் வடிவமைத்த, அரசுகள் செலவிட்ட திட்டங்களிலேயே மாற்று ஏற்பாடு தவிர்க்க முடியாததாக இருக்கும்போது, ஒரு குடும்பம் அதை முழுமையாகத் தவிர்க்க முயல்வது பெரும் துணிச்சலாகும்.

எதிர்த்திசைச் சிக்கலும் இலங்கையில் வெளிப்பட்டது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையால் மின்தேவை வீழ்ந்தபோது, கூரைகளிலிருந்து பாயும் நண்பகல் மின்சாரத்தால் கட்டமைப்பு நிலைகுலையக் கூடாது என்பதற்காக, கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நண்பகலில் எல்லோரும் கொடுப்பவர்களாகவும், மாலை ஏழு மணிக்கு எல்லோரும் கேட்பவர்களாகவும் இருந்தால் கம்பியையும் மின்மாற்றியையும் காத்திருக்கும் மின்நிலையங்களையும் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வியும் இதிலிருந்தே பிறக்கிறது. வசதி படைத்தவர்கள் பேட்டரி வாங்கிக்கொண்டு வெளியேறினால், அந்தச் செலவு கூரையில்லாதவர்கள் மீதும் வாடகை வீட்டில் இருப்போர் மீதும் ஏறும். இலவச 100 யூனிட்டும் குறைந்த கட்டணமும் அதிகம் செலவிடுவோர் செலுத்தும் கட்டணத்தாலும் அரசின் மானியத்தாலும்தான் நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

எஞ்சும் கழிவு

இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் தகடும் ஒருநாள் கழிவாகும். 2050-க்குள் உலகில் 7.8 கோடி டன் வரை தகட்டுக் கழிவு சேரக்கூடும் என்று பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016-இல் மதிப்பிட்டது. இந்தியாவில் 2022-இன் மின்னணுக் கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் உள்ளடக்கின. ஆனால் 2034-35 வரை உற்பத்தியாளர்கள் அவற்றைச் சேமித்து வைப்பதே அவர்களின் முதன்மைக் கடமையாக உள்ளது. தகட்டைவிட உடனடியான ஆபத்து பழைய ஈய பேட்டரிகளில் இருக்கிறது. முறையான ஆலைக்குச் செல்லாமல் ஊர்ப்புறக் கொட்டகைகளில் உடைத்து உருக்கப்படும் பேட்டரியின் ஈயம் மண்ணிலும் நீரிலும் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யூனிசெஃப் 2020-இல் அறிவித்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 27 பேட்டரிகளைக் கழிக்கும் வீட்டைத் தூய ஆற்றலின் வீடு என்று அழைப்பது எளிதன்று.

செய்யத் தக்கது

கூரைத் தகட்டைக் கைவிட வேண்டும் என்பது இவற்றின் முடிவு அன்று. மின்வாரிய இணைப்போடு கூடிய 2 அல்லது 3 கிலோவாட் அமைப்பு, இரு மாதங்களுக்கு 500 யூனிட்டைக் கடந்து உயர்கட்டண அடுக்கில் நிற்கும் குடும்பங்களுக்கு உறுதியாகப் பலன் தரும். 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டுக்கு அதே அமைப்பு வெகு காலத்துக்குப் பின்னரே விலையைத் திருப்பித் தரும். மின்தடைக்கு அஞ்சுவோர் கலப்பு வகை இன்வெர்ட்டரும், விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை ஓர் இரவு தாங்கும் சிறு பேட்டரியும் வைத்துக்கொள்வது போதுமானது. பெரும் சேமிப்பு பொதுச் சொத்தாக இருப்பதே சிக்கனம்; 1980-களிலிருந்து இயங்கும் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையமும், நீலகிரியில் உருவாகிவரும் 500 மெகாவாட் குந்தா திட்டமும் அந்தத் திசையில் அமைந்தவை. அத்தகைய திட்டங்களை விரைந்து முடிப்பதும், வாடகைக் குடும்பங்களும் அடுக்குமாடிவாசிகளும் பொது இடத்துச் சூரிய மின்நிலையத்தில் பங்கு வாங்க வழி செய்வதும் அரசின் கடமைகள்.

தகடு அமைக்க முடிவெடுத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் விற்பனையாளரிடம் ஆண்டுச் சராசரியை மட்டும் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். நவம்பர் மாதத்தில் எவ்வளவு கிடைக்கும், மின்தடையின்போது எந்தக் கருவிகள் ஓடும், பேட்டரியை எத்தனை ஆண்டில் எந்த விலையில் மாற்ற வேண்டும், பழையதைத் திரும்பப் பெறுவது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள். அந்த விடைகள் எதுவாக இருந்தாலும், மின்வாரிய இணைப்பை மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள்.